அம்மை கண்ட குழந்தையும் 'ஏ' வைட்டமினும்

குழந்தைக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். மூக்கு ஒழுகுகிறது. இருமல் விடவில்லை. கண்கள் சிவந்து நீர் வடிகிறது. வெளிச்சத்தைப் பார்த்தால் கூசுகிறது. ஐந்தாம் நாள் காலையில் காதின் பின்புறமும் நெற்றியிலும் சிவப்புத் தடிப்புகள் தோன்றுகின்றன. மறுநாள் அவை மார்புக்கும் முதுகுக்கும் இறங்கிவிடுகின்றன.

"அம்மை போட்டிருக்கிறது" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். வாசலில் வேப்பிலை செருகப்படுகிறது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறுவதில்லை. மருந்து கூடாது, ஊசி கூடாது, முட்டை கூடாது, தாளித்தது கூடாது என்று ஒரு நீண்ட பட்டியல் வந்துவிடுகிறது.

வேப்பிலை வைப்பதில் தவறு ஒன்றும் இல்லை. வெளியார் வீட்டுக்குள் வராமல் இருக்க அது நல்ல அடையாளம். அம்மனை வேண்டிக்கொள்வது அவரவர் நம்பிக்கை. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மருந்தையும் சத்தான உணவையும் நிறுத்திவிடுகிறோமே, அங்கேதான் ஆபத்து இருக்கிறது. அம்மை கண்ட குழந்தையின் உடம்பு அந்த நேரத்தில் ஒரு பொருளுக்காகத் தவித்துக்கொண்டிருக்கிறது. அது 'ஏ' வைட்டமின்.

பெயர் தெரிந்துகொள்ளுங்கள்

நாம் அம்மை என்று பொதுவாகச் சொல்வதில் பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது. நீர்க் கொப்புளமாக வருவது சின்னம்மை. கொப்புளம் இல்லாமல், காய்ச்சல், இருமல், கண் சிவப்போடு தடிப்பாக வருவது தட்டம்மை. சில ஊர்களில் இதை மணல்வாரி என்பார்கள். இந்தக் கட்டுரை தட்டம்மையைப் பற்றியது.

மராத்தியில் இதற்குப் பெயர் 'கோவர்'. இந்தியில் 'கஸ்ரா'. முனிசிபல் டிஸ்பென்சரியில் நர்ஸ் 'கோவர்' என்று சொன்னால், வேறு ஏதோ நோய் என்று எண்ணித் திரும்பி வந்துவிடக் கூடாது. அது நம் தட்டம்மைதான்.

தட்டம்மையைப் போல வேகமாகத் தொற்றும் நோய்கள் மிகக் குறைவு. நோயாளி இருமிவிட்டுப் போன பிறகும், அந்த அறையின் காற்றில் 2 மணி நேரம் வரை வைரஸ் தங்கி இருக்கும். எதிர்ப்பு சக்தி இல்லாத 10 பேர் நோயாளியோடு நெருங்கி இருந்தால், 9 பேருக்குத் தொற்றிவிடும். தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பே நோய் பரவத் தொடங்கிவிடுகிறது. அதாவது, இது அம்மை என்று வீட்டில் தெரிவதற்குள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீடுகளில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2022-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் மும்பை இதைக் கண்ணால் கண்டது. கோவண்டிப் பகுதியில் தலைதூக்கிய தட்டம்மை, நகரின் பல வார்டுகளுக்கும் பரவியது. குழந்தைகள் உயிரிழந்தார்கள். கஸ்தூர்பா ஆஸ்பத்திரியில் தட்டம்மைக் குழந்தைகள் வந்து சேர்ந்தவண்ணம் இருந்தார்கள். நிலைமையைப் பார்க்க மத்திய அரசு மருத்துவக் குழுவை அனுப்பியது. கொரோனா ஆண்டுகளில் பல குழந்தைகளுக்குத் தடுப்பூசி விட்டுப்போனதுதான் இதற்குப் பெரிய காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது.

கொல்வது தடிப்பு அல்ல

தட்டம்மைத் தடிப்பு சில நாளில் தானே மங்கிவிடும். குழந்தைகளின் உயிரைக் குடிப்பது அதன் பின்னால் வருகிற நோய்கள். நிமோனியா வரும். வயிற்றுப்போக்கு வரும். காதில் சீழ் வடியும். சிலருக்கு மூளைக் காய்ச்சல். பிழைத்த குழந்தைகளில் சிலருக்குக் கண் பார்வை போய்விடும். தடுப்பூசி வருவதற்கு முன்பு, உலகில் ஆண்டுதோறும் சுமார் 26 லட்சம் பேர் தட்டம்மையால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. தடுப்பூசி இத்தனை பரவிய பிறகும், 2023-ஆம் ஆண்டில் சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

ஒரே தெருவில் இரண்டு குழந்தைகளுக்குத் தட்டம்மை வருகிறது. ஒன்று பத்து நாளில் எழுந்து விளையாடுகிறது. மற்றொன்று நிமோனியாவில் விழுகிறது. வைரஸ் ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? தாங்கும் உடம்பில் இருக்கிறது. அந்த உடம்பின் காவலில் 'ஏ' வைட்டமினுக்குப் பெரிய பங்கு உண்டு.

உடம்பின் வாசற்காவல்

மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், குடல், கண் ஆகிய எல்லாவற்றின் உட்புறத்திலும் மெல்லிய ஈரமான சவ்வு இருக்கிறது. கிருமிகள் உள்ளே வரும் வாசல்கள் இவைதாம். சவ்வில் சுரக்கும் சளி, வருகிற கிருமியைச் சிக்க வைக்கும். மூச்சுக்குழாயில் உள்ள கண்ணுக்குத் தெரியாத மயிர் இழைகள், அந்தச் சளியை மேலே தள்ளி வெளியேற்றும்.

இந்தச் சவ்வு தேயத் தேயப் புதிதாக வளர வேண்டும். அதற்கு 'ஏ' வைட்டமின் தேவை. அது குறைந்தால், சவ்வு ஈரத்தை இழந்து தோல் போல வறண்டு தடித்துவிடும். சளி சுரக்காது. மயிர் இழைகள் உதிரும். வாசல் காவல் இல்லாமல் திறந்து கிடக்கும்.

இரண்டாவது வேலை இரத்தத்தில் நடக்கிறது. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் தேர்ச்சி பெறுவதற்கும், எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்குவதற்கும் இந்த வைட்டமின் வேண்டும். மூன்றாவது வேலை நாம் எல்லோரும் அறிந்தது. மங்கிய வெளிச்சத்தில் கண் தெரிவதற்கு இதுதான் ஆதாரம். இது குறைந்தால் வருவதே மாலைக்கண்.

தட்டம்மை வைரஸ் வந்து தாக்குவது எவற்றை? மூச்சுக்குழாய்ச் சவ்வு, குடற் சவ்வு, கண், வெள்ளை அணுக்கள். 'ஏ' வைட்டமின் காவல் காக்கும் அதே இடங்கள்! காய்ச்சல் வேகத்தில் உடம்பு இந்த வைட்டமினை அதிகமாகச் செலவழிக்கிறது. சிறுநீரிலும் கொஞ்சம் போய்விடுகிறது. வயிற்றுப்போக்கு இருந்தால் உணவில் இருந்து உள்ளே சேருவதும் குறைகிறது. கல்லீரலில் சேமிப்பு உள்ள குழந்தை சமாளித்துக்கொள்கிறது. கையிருப்பு இல்லாத குழந்தை, மாதக் கடைசியில் வேலையும் போன குடும்பம் போல ஆகிவிடுகிறது.

இன்னொரு கேடும் உண்டு. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் இரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்பும் பின்பும் சோதித்து, 2019-இல் ஒரு ஆராய்ச்சி முடிவு வெளியிட்டார்கள். முன்பு வந்த மற்ற நோய்களுக்கு எதிராக அந்த உடம்புகள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை தட்டம்மையால் அழிந்திருந்தன. காவற்காரனின் நோட்டுப் புத்தகத்தையே கிழித்துப் போட்டது போல! தட்டம்மை போன பிறகும் பல மாதங்கள் வரை குழந்தைக்கு மாறி மாறி நோய் வருவதன் காரணம் இப்போது புரிகிறது அல்லவா?

லண்டனில் மீன் எண்ணெய்

'ஏ' வைட்டமினைக் கண்டுபிடித்த கதை 1913-இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் மக்காலம், மார்கரீட் டேவிஸ் ஆகிய இருவரும், வெண்ணெயிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஒரு சத்து இருப்பதை எலிகளை வைத்துக் கண்டறிந்தார்கள். 1928-இல் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி என்ற அறிஞரும் அவருடைய கூட்டாளி கிரீனும், இது தொற்றுநோயைத் தடுக்கும் வைட்டமின் என்று எழுதினார்கள்.

எலிஸன் என்ற லண்டன் டாக்டர் இதைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். தட்டம்மையோடு ஆஸ்பத்திரிக்கு வந்த 600 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார். 300 குழந்தைகளுக்குக் காட் என்ற மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்தார். மற்ற 300 பேருக்கும் வழக்கமான சிகிச்சை மட்டுமே. முடிவு 1932-இல் வெளிவந்தது. எண்ணெய் குடிக்காதவர்களில் 26 பேர் இறந்தார்கள். குடித்தவர்களில் 11 பேர்.

இவ்வளவு தெளிவான கணக்கை உலகம் கையில் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் சல்பா மருந்துகளும் பெனிசிலினும் வந்துவிட்டன. புது மருந்துகளின் வெளிச்சத்தில் மீன் எண்ணெய் மறக்கப்பட்டது. ஏறக்குறைய 50 ஆண்டுகள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கண் டாக்டர் கண்ட கணக்கு

திரும்பிப் பார்த்தவர் ஆல்பிரட் சாமர் என்ற அமெரிக்கக் கண் டாக்டர். 1970-களில் அவர் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், குழந்தைகள் பார்வை இழப்பதைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். சேர்த்த கணக்குகளைப் பிறகு புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. மாலைக்கண் உள்ள குழந்தைகள், மறுமுறை பார்க்கப் போகும்போது பல வீடுகளில் உயிரோடு இல்லை! மாலைக்கண்ணும் கண் வறட்சியும் உள்ள குழந்தைகள், மற்றக் குழந்தைகளைவிட 4 மடங்கு அதிகமாக இறந்திருந்தார்கள். இதை அவர் 1983-இல் வெளியிட்டார்.

அடுத்து, சுமத்ராத் தீவின் ஆச்சே பகுதியில் 450 கிராமங்களில் சோதனை நடந்தது. பாதிக் கிராமங்களில் குழந்தைகளுக்கு 'ஏ' வைட்டமின் கொடுக்கப்பட்டது. அந்தக் கிராமங்களில் குழந்தைச் சாவு 34 சதவீதம் குறைவாக இருந்தது. 1986-இல் இந்த முடிவு வந்தபோது பலர் நம்பவில்லை. ஒரு சொட்டு மருந்துக்கு இவ்வளவு சக்தியா என்று கேட்டார்கள்.

தட்டம்மை விஷயத்தில் சந்தேகம் சீக்கிரமே தீர்ந்தது. ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில், தட்டம்மையோடு வந்த 180 குழந்தைகளிடம் சோதித்தார்கள். வைட்டமின் பெற்றவர்களில் 6 பேரும், பெறாதவர்களில் 12 பேரும் இறந்தார்கள். தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 189 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 1990-இல் வெளிவந்தது. அங்கே மொத்தம் 12 குழந்தைகள் இறந்தன. அவற்றில் 10 குழந்தைகள் வைட்டமின் பெறாதவை. அந்த ஊர்க் குழந்தைகளுக்கு மாலைக்கண் போன்ற வெளி அடையாளம் ஏதும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. பார்த்தால் குறை தெரியாது. இரத்தத்தைச் சோதித்தபோதுதான் வைட்டமின் தாழ்ந்து கிடந்தது தெரிந்தது.

குன்னூரும் மதுரையும்

இந்தக் கதையில் நம் ஊருக்கும் இடம் உண்டு. இந்தியாவில் சத்துணவு ஆராய்ச்சி பிறந்த இடமே நீலகிரியில் உள்ள குன்னூர்தான். 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே ஒரு சிறிய இடத்தில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, பிறகு தேசிய சத்துணவுக் கழகம் என்ற பெயர் பெற்றது. அந்தக் கழகத்தின் ஆராய்ச்சியை வைத்துத்தான், குழந்தைகளின் பார்வையைக் காக்க 6 மாதத்துக்கு ஒருமுறை 'ஏ' வைட்டமின் சொட்டு மருந்து கொடுக்கும் திட்டத்தை இந்திய அரசு 1970-இல் தொடங்கியது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும், தமிழ்நாட்டுக் கிராமங்களில் 15 ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் ஓராண்டு சோதனை நடத்தினார்கள். வாரம் ஒருமுறை, உணவில் கிடைக்க வேண்டிய அளவுக்கே வைட்டமின் கொடுத்தார்கள். அதைப் பெற்றவர்களிடையே சாவு பாதிக்கும் மேல், அதாவது 54 சதவீதம் குறைந்தது. 1990-இல் வெளிவந்த இந்த முடிவு உலகம் முழுவதும் பேசப்பட்டது.

எல்லாச் சோதனைகளும் ஒரே மாதிரிச் சொல்லவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அதே 1990-இல், ஐதராபாத் அருகே ஏறக்குறைய அதே எண்ணிக்கைக் குழந்தைகளிடம் நடந்த சோதனையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. உத்தரப் பிரதேசத்தில் 10 லட்சம் குழந்தைகளை வைத்து நடந்த மிகப் பெரிய சோதனையின் முடிவு 2013-இல் வெளிவந்தது. அதிலும் பலன் மிகச் சிறிதாகவே இருந்தது. எல்லாக் குழந்தைக்கும் 6 மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது இன்னும் வேண்டுமா என்பது பற்றி அறிஞர்களிடையே வாதம் நடக்கிறது.

இந்த இரண்டு வகை முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. பற்றாக்குறை உள்ள உடம்பில் வைட்டமின் உயிரைக் காக்கிறது. நிறைந்த உடம்பில் மேலும் ஊற்றினால் அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஆனால் தட்டம்மை வந்துவிட்ட குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. ஏனென்றால் அந்த நோயே பற்றாக்குறையை உண்டாக்குகிறது.

இரண்டு நாள், இரண்டு வேளை

தட்டம்மை கண்ட குழந்தைக்கு 'ஏ' வைட்டமின் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அளவு இதுதான்:

6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 50 ஆயிரம் யூனிட்.

6 முதல் 11 மாதக் குழந்தைக்கு 1 லட்சம் யூனிட்.

1 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 2 லட்சம் யூனிட்.

இதை நோய் தெரிந்தவுடன் ஒரு முறையும், மறுநாள் ஒரு முறையும் கொடுக்க வேண்டும். கண்ணில் வைட்டமின் குறைவின் அடையாளம் இருந்தால், 4 முதல் 6 வாரம் கழித்து மூன்றாவது முறையும் தேவை. ஒருமுறை மட்டும் கொடுத்தால் போதாது. பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், இரண்டு நாள் கொடுத்தபோதுதான், குறிப்பாக 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடையே, சாவு பெரிதும் குறைந்திருக்கிறது.

அளவைப் படித்துவிட்டு நாமே கடையில் வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. இது டாக்டரோ நர்ஸோ கொடுக்க வேண்டிய மருந்து. அரசு சுகாதார நிலையங்களில் காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். முன்பு எப்போது சொட்டு மருந்து போடப்பட்டது என்று தெரியக் குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கையில் கொண்டு போங்கள்.

'சி' வைட்டமின் மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். 'ஏ' அப்படி அல்ல. அது கல்லீரலில் தங்கும். அளவு மிஞ்சினால் நஞ்சு. தலைவலி, வாந்தி, கல்லீரல் கேடு ஆகியவை வரும். 2025-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தட்டம்மை பரவியபோது, ஆஸ்பத்திரிக்கு வந்த சில குழந்தைகளிடம் 'ஏ' வைட்டமின் மிகையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட அடையாளம் தெரிந்தது. கர்ப்பிணிகள் இந்தப் பெரிய அளவு மருந்தைத் தொடவே கூடாது. வயிற்றில் உள்ள சிசுவின் உறுப்புகள் பழுதாகலாம்.

ஊசிக்குப் பதில் அல்ல

'ஏ' வைட்டமின் தட்டம்மை வராமல் தடுக்காது. வந்தபின் உயிரையும் கண்ணையும் காக்க உதவும், அவ்வளவுதான். வராமல் தடுப்பது தடுப்பூசி ஒன்றே.

நம் நாட்டில் முதல் ஊசி 9 மாதம் முடிந்ததும், 12 மாதத்துக்குள் போடப்படுகிறது. இரண்டாவது ஊசி 16 முதல் 24 மாதத்துக்குள். இரண்டும் போட்டால்தான் முழுக் காவல். 2017-இல் இருந்து இது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்ந்த ஒரே ஊசியாக வருகிறது. அந்த ஆண்டு அதை முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் கர்நாடகமும் அடங்கும். முதல் ஊசியோடு 1 லட்சம் யூனிட் 'ஏ' வைட்டமின் சொட்டு மருந்தும் தருகிறார்கள். இரண்டாவது ஊசியின்போது 2 லட்சம். பிறகு 5 வயது வரை 6 மாதத்துக்கு ஒருமுறை.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் குடும்பங்களில் இந்த இரண்டாவது ஊசிதான் அடிக்கடி விட்டுப்போகிறது. பிரசவம் ஊரில் நடக்கிறது. முதல் ஊசி பாட்டி வீட்டில் போடுகிறார்கள். பிறகு தாயும் குழந்தையும் மும்பைக்கோ பெங்களூருக்கோ வந்துவிடுகிறார்கள். அட்டை ஊர்ப் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. இல்லாவிட்டால், ஊசி நாள் வரும்போது கோயில் கொடைக்கு ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

இதற்குக் கவலைப்பட வேண்டாம். தேசியத் தடுப்பூசி அட்டவணை எல்லா மாநிலத்துக்கும் ஒன்றே. தூத்துக்குடியில் போட்ட முதல் ஊசிக்குத் தாராவியில் இரண்டாவது ஊசி போடலாம். கட்டணம் இல்லை. நாள் தவறிப்போயிருந்தாலும் 5 வயது வரை போட்டுக்கொள்ளலாம். அட்டை தொலைந்துவிட்டால், தொலைந்தது என்று சொல்லிக் கேட்பதில் வெட்கம் இல்லை. மொழி தெரியாது என்பதும் தடை அல்ல. 'கோவர்' என்ற ஒரு சொல்லே போதும்.

சளிக்குச் 'சி' மாத்திரை

வைட்டமின் என்றதும் பலருக்கு நினைவு வருவது ஆரஞ்சு வாசனை வீசும் 'சி' மாத்திரை. 1970-இல், இரண்டு நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், 'சி' வைட்டமினை நிறையச் சாப்பிட்டால் ஜலதோஷம் அண்டாது என்று ஒரு புத்தகமே எழுதினார். அதைப் படித்து உலகமே மாத்திரை வாங்கியது. பிறகு 11 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தினமும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே சளி பிடித்தது. பெரியவர்களுக்குச் சளி இருக்கும் காலம் 8 சதவீதம் குறைந்தது. ஒரு வாரச் சளியில் அரை நாள் மிச்சம்! நெடுந்தூர ஓட்டக்காரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் சிப்பாய்கள் போன்றவர்களுக்கு மட்டும் சளி பிடிப்பது பாதியாகக் குறைந்தது.

2020-இல் கொரோனா வந்தபோது, 'சி' மாத்திரையும் துத்தநாக மாத்திரையும் கடைகளில் பறந்தன. நோய் கண்டவர்களிடம் இந்த இரண்டையும் கொடுத்து அமெரிக்காவில் சோதித்தார்கள். 2021-இல் வந்த முடிவின்படி, நோய் சீக்கிரம் குணமாகவில்லை. 'டி' வைட்டமின் கதையும் ஏறக்குறைய இதேதான். வெயிலே படாத, மிகவும் குறைந்து போன உடம்புக்கு அது தேவை. போதுமான அளவு உள்ளவர் மேலும் விழுங்குவதால் வைரஸ் விலகி ஓடுவதில்லை.

ஆகவே, மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை வண்ண மாத்திரைகளில் போட வேண்டாம். ஒரு நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ ஒரு நாளைக்கு வேண்டிய 'சி' வைட்டமினைத் தந்துவிடும். மிச்சப்படும் பணத்தைக் கீரைக்கும் முட்டைக்கும் கொடுப்பது லாபம்.

கீரையும் ஒரு கரண்டி எண்ணெயும்

'ஏ' வைட்டமின் நேராகக் கிடைக்கும் உணவுகள் ஈரல், முட்டையின் மஞ்சள் கரு, பால், நெய், வெண்ணெய், மீன். முழு உருவில் இல்லாமல், உடம்புக்குள் போய் 'ஏ' வைட்டமினாக மாறும் சத்து முருங்கைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, காரட், பரங்கிக்காய், பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றில் இருக்கிறது. வடக்கே கிடைக்கும் பாலக்கும் வெந்தயக் கீரையும் இந்த வரிசைதான். முருங்கை மரம் நம் ஊரில் வேலியோரம் நிற்கும். இங்கே காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆனாலும் மாத்திரையைவிட மலிவு.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்தச் சத்து எண்ணெயில் கரைவது. எண்ணெயே இல்லாமல் வேக வைத்த கீரையில் இருந்து உடம்புக்குச் சேருவது குறைவு. ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்தால் நன்றாகச் சேரும். அம்மை கண்ட வீட்டில் தாளிப்பை நிறுத்துவது எவ்வளவு பாதகம் என்பது இப்போது விளங்கும். காரமும் பொரித்ததும் குழந்தையின் புண்ணான வாய்க்கு ஆகாது என்பது சரி. அதற்காகப் பருப்பும் நெய்யும் பிசைந்த குழைந்த சோறு, பால், வேக வைத்த முட்டை, பப்பாளி ஆகியவற்றை நிறுத்தக் காரணம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகக் கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை ஒரு வேளை கூட நிறுத்தக் கூடாது. குழந்தை பிறந்தவுடன் வரும் சீம்பாலில் 'ஏ' வைட்டமின் நிறைந்திருக்கிறது. அதைப் பீய்ச்சிக் கொட்டுகிற வழக்கம் எந்த வீட்டிலும் இருக்க வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்?

தட்டம்மை என்று சந்தேகம் வந்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்:

மூச்சு வேகமாக வாங்குகிறது, அல்லது மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே குழிகிறது.

குழந்தை பால் குடிக்கவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை.

வலிப்பு வருகிறது, அல்லது எழுப்பினால் எழாமல் மயங்கிக் கிடக்கிறது.

வயிற்றுப்போக்கால் கண் குழி விழுந்துவிட்டது.

கருவிழி மங்கித் தெரிகிறது, அல்லது குழந்தை கண்ணைத் திறக்கவே மறுக்கிறது.

மற்ற நாளிலும் ஒன்றைக் கவனியுங்கள். பொழுது சாய்ந்தபின் குழந்தை தடுமாறி நடக்கிறதா? தட்டில் உள்ள சோற்றைக் கையால் தடவித் தேடுகிறதா? வெள்ளை விழியில் நுரை போன்ற திட்டு இருக்கிறதா? இருந்தால், கையிருப்பு காலியாகிவிட்டது என்று உடம்பு சொல்கிறது. தட்டம்மை வரும்வரை காத்திருக்காமல் அப்போதே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வாசலில் வேப்பிலை இருக்கட்டும். வீட்டுக்குள் குழந்தைக்கு நல்ல சோறு இருக்கட்டும். முனிசிபல் டிஸ்பென்சரியில் இருந்து இரண்டு நாள் வைட்டமினும் வரட்டும். இன்று மாலை வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும், பெட்டியைத் திறந்து குழந்தையின் அட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது ஊசிக்கு நேரே தேதி எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் ஒரு நாள் அரைச் சம்பளம் போனாலும் போகட்டும், அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டு வாருங்கள்.